கார்பன் திட்டம் என்று ஊருக்குள் யாராவது வந்தால், கையெழுத்துக்கு முன்னால் செய்யவேண்டியவை

இரண்டு வருடத்துக்கு முன்னால் பந்தலூர்ப் பக்கம் எங்கள் லைனுக்கு (எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) மேலே இருக்கிற பாடிக்கு, அதாவது பழங்குடிக் குடியிருப்புக்கு, ஒரு ஜீப் வந்தது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரம் நட்டால் பணம், காட்டைக் காத்தால் பணம், உங்களுக்குச் செலவே இல்லை, கையெழுத்து மட்டும் போதும் என்றார்கள். அது காப்பி பறிக்கிற தை மாதம், பகல் பதினொரு மணி, வேலைக்குப் போகமுடியாத வயசாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் தவிர பாடியில் யாரும் இல்லை. பத்திரம் முப்பது பக்கத்துக்கு மேல், முழுக்க இங்கிலீஷ். "இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுக் காட்டுங்க" என்று ஒரு அக்கா கேட்டதற்கு "அதான் சொல்லிட்டோமே அக்கா" என்று பதில் வந்திருக்கிறது. ஏழு பேர் கைநாட்டு வைத்துவிட்டார்கள். சாயங்காலம் அந்த நகலை என்னிடம் கொண்டுவந்தார்கள். முப்பது வருட ஒப்பந்தம், திட்ட எல்லைக்குள் விறகு எடுக்கக்கூடாது, ஆடுமாடு விடக்கூடாது, வருமானத்தில் செலவு போக மீதியில் பங்கு. எல்லை எது என்று காட்டும் வரைபடம் மட்டும் நகலில் இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பாடியோடும் பக்கத்து ஊர்களோடும் உட்கார்ந்து பேசிப் பேசிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடலூர், பந்தலூர், வயநாடு, அட்டப்பாடி, வால்பாறை, மேகமலை என்று எல்லையோரத்தில் எங்கே இருப்பவர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காடு காக்கிற திட்டத்துக்கு நான் எதிரி இல்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் நடந்தது எங்களுக்கு மலை தாண்டிய செய்தி கிடையாது, அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் எத்தனையோ. சரிவில் காடு நிற்கவேண்டும், வானிலை மாறுவதைத் தடுக்க உலகமே ஏதாவது செய்யவேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் செலவைக் காட்டுநாயக்கர் பழங்குடிப் பாட்டியின் விறகுக்கட்டின் மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான் என் வாதம்.

முதலில் என்ன விற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத் தன் உடம்பில் கார்பனாகச் சேர்க்கிறது. ஒரு மரத்தின் காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் எவ்வளவு கரியமில வாயு என்று வரும். காய்ந்த எடை 200 கிலோ உள்ள மரம் என்றால் கார்பன் சுமார் 100 கிலோ, வாயு சுமார் 367 கிலோ. அப்படி மூன்று மரம் சேர்ந்தால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். புகை விடுகிற கம்பெனி அந்தக் கிரெடிட்டை வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். உங்களிடம் யாராவது "மரத்துக்கு ஒரு கிரெடிட்" என்று சொன்னால் இந்தக் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காடு அழிவதைத் தடுத்துக் கிரெடிட் வாங்கும் ஏற்பாட்டுக்கு ரெட் பிளஸ் என்று பெயர். 2007-இல் பாலி மாநாட்டில் பேச்சு சூடுபிடித்தது, 2010-இல் கான்குன் மாநாட்டில் அதற்கு ஏழு பாதுகாப்பு நெறிகள் வகுத்தார்கள். அந்த ஏழில் இரண்டை நீங்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்: பழங்குடிகளின், உள்ளூர் மக்களின் அறிவையும் உரிமையையும் மதிக்கவேண்டும், அவர்கள் முழுமையாகப் பங்கெடுக்கவேண்டும். இந்தியா 2018-இல் தன் ரெட் பிளஸ் உத்தியை வெளியிட்டது. ஜீப்பில் வருகிறவர் ரெட் பிளஸ் என்ற சொல்லை எடுத்தால் கான்குன் நெறிகளைப் பற்றிக் கேளுங்கள், எங்கள் ஊரில் அதை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், நிலம் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். எங்கள் தாலுகாவில் இது பெரிய சிக்கல், ஏனென்றால் ஒரே சரிவில் பட்டா நிலம், ஒதுக்குக்காடு, 1969-ஆம் வருடத்து ஜன்ம நில (பரம்பரை நிலக்கிழார் நில) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் யாருக்கு என்று முடிவாகாமல் மாட்டிக்கொண்ட நிலம், எஸ்டேட் குத்தகை நிலம் எல்லாம் பின்னிக்கிடக்கும். விஏஓவிடம் சர்வே எண்ணைக் கொடுத்து எது எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒதுக்குக்காடு என்றால், அரசு அனுமதி இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்களோடு அதற்கு ஒப்பந்தம் போட முடியாது. போடலாம் என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த தனிநபர் பட்டா என்றால், அது பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்கவோ கைமாற்றவோ முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே அந்த நிலத்தை முப்பது வருடத்துக்குக் கட்டிப்போடும் பத்திரத்தை வக்கீலிடம் காட்டாமல் தொடவே கூடாது. சொந்தப் பட்டா நிலம் என்றாலும் கவனம் தேவை. 1949-ஆம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டமும் ஏற்கனவே மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்துகின்றன. சட்டம் ஏற்கனவே வெட்டவிடாத மரத்தை 'வெட்டாமல் விட்டதற்கு' கிரெடிட் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்தக் கிரெடிட் நிற்காது. புதிதாக நடுகிற நிழல் மரத்துக்கு நிற்கலாம்.

அடுத்தது உரிமை. இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன், எந்த ஊரில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்: வன உரிமைச் சட்டத்தில் உங்கள் மனு முடிவாகாமல் எந்தக் கார்பன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2006-இல் வந்த அந்தச் சட்டத்தில் கார்பன் என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஊர் காலங்காலமாகக் காத்துவந்த காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை அந்த ஊருக்கே என்று இருக்கிறது, சிறு வன மகசூலின் உடைமை இருக்கிறது, மேய்ச்சல் உரிமை இருக்கிறது. தேன், கடுக்காய், நெல்லி, சீகைக்காய், பூச்சக்காய், சீமாற்றுப் புல், மாகாளிக்கிழங்கு என்று நீங்கள் எடுப்பதெல்லாம் இதற்குள் அடங்கும். மனு முடிவாகும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்றும் இருக்கிறது. சமூக வன வள உரிமைப் பட்டா, அதாவது காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்குள்ள இந்த உரிமைக்கான பத்திரம், கையில் இருந்தால் அந்தக் காட்டில் எது நடந்தாலும் உங்களைக் கேட்டுத்தான் நடக்கவேண்டும். அது இல்லாமல் போய் உட்கார்ந்தால் நீங்கள் வெறும் 'பயனாளி', சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் தாமதமாகத்தான் நகர ஆரம்பித்தது, 2008-இல் வந்த உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது நின்றுபோய் 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை விலகியது. மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள், கேரளத்தில் வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடிகளின் ஒன்பது குடியிருப்புகள் 2014-இலேயே சமூக வன வள உரிமை வாங்கிவிட்டன. வால்பாறைப் பக்கத்துக் காடர்களுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள்தான். போய்க் கேட்டால் எப்படி வரைபடம் போட்டோம், எந்தப் பெரியவர் எந்த ஓடையைச் சொன்னார் என்று உட்கார வைத்துச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்வது போல வேறு எதுவும் கிடையாது.

மனு போட படிவம் மூன்று. தனிநபருக்கு 'ஏ', சமூக உரிமைக்கு 'பி', சமூக வன வளத்துக்கு 'சி'. கார்பன் பேச்சுக்கு 'சி' படிவம்தான் உயிர். கிராம சபை வன உரிமைக் குழுவை அமைக்கவேண்டும், குழுவின் வரைபடத்தையும் சாட்சியத்தையும் சபை ஏற்றுத் தீர்மானம் போட்டுக் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பவேண்டும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். மறுத்தால் அறுபது நாளுக்குள் மேல்முறையீடு. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை வாங்காமல் அலுவலக வாசலை விட்டு இறங்காதீர்கள்.

யாருடைய கிராம சபை என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு பஞ்சாயத்து என்றால் மலை மலையாக ஐம்பது அறுபது குடியிருப்பு சேர்ந்தது, அந்தப் பெரிய சபையில் பத்து வீட்டுப் பாடியின் குரல் எங்கே கேட்கும்? 2012-இல் திருத்திய விதிகளில் இதற்கு வழி இருக்கிறது, பாடி, குடி, காலனி போன்ற சிறு குடியிருப்புகளைப் பஞ்சாயத்து பட்டியலிட்டு, அந்தந்தக் குடியிருப்பே தன் சபையைக் கூட்ட வழிசெய்யலாம். கேட்டு வாங்குங்கள். கோரம் என்பது சபை உறுப்பினர்களில் பாதிப்பேர், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஏழு கைநாட்டு சபை ஆகாது.

கூட்டம் எப்போது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். மார்கழியிலிருந்து மாசிவரை காப்பியும் மிளகும், சித்திரை வைகாசியில் தேன், பச்சைத்தேயிலை ஏறும் நாட்களில் லைனில் ஆளே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் எங்கள் பக்கம் எல்லாரும் கூடும் நேரம். தமிழில் படித்துக் காட்டினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பணியர் தங்கள் மொழியில் பேசுகிறார்கள், காட்டுநாயக்கர் தங்கள் மொழியில், செட்டிமார் வேறு மாதிரி, நாங்கள் சிலோன் தமிழ். அந்தந்த மொழியில் ஒருவர் எழுந்து நின்று திருப்பிச் சொல்லவேண்டும், 'என்ன புரிந்தது' என்று நாலு பேரைக் கேட்கவேண்டும். இரண்டு மூன்று கூட்டமாவது பேசாமல் தீர்மானம் எழுதாதீர்கள். அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஏதோ கெடு இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

கம்போடியாவில் நடந்ததை எங்கள் கூட்டங்களில் நான் எப்போதும் சொல்வேன். அங்கே ஏலமலை என்றே பெயர் உள்ள மலைத்தொடர் இருக்கிறது, நம் இடுக்கி ஏலமலை மாதிரி. அதன் தெற்குப் பகுதியில் பெரிய கார்பன் திட்டம் 2015-இல் தொடங்கியது. சோங் பழங்குடி மக்களிடம் பேசத் தொடங்கியதே 31 மாதம் கழித்துத்தான் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2024 பிப்ரவரி அறிக்கையில் எழுதியது. வயலிலிருந்து வெளியேற்றியதையும், காட்டில் பிசின் எடுக்கப் போனவர்களைப் பிடித்ததையும் பதிவு செய்தது. கிரெடிட் பதிவேட்டை நடத்தும் வெர்ரா 2023-இல் அந்தத் திட்டத்தின் கிரெடிட்டை நிறுத்தி வைத்தது, 2024-இல் மறுபடி அனுமதித்தது. முதலில் கேட்காமல் விட்டால் பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் எவ்வளவு நாள் ஆகிறது பாருங்கள்.

இனி பணம். 'லாபத்தில் அறுபது சதவீதம்' என்று சொன்னால் மயங்காதீர்கள். கிரெடிட் விற்ற மொத்தத் தொகையில் பங்கா, செலவு போக மிஞ்சியதில் பங்கா? திட்டம் எழுதியவர் கூலி, தணிக்கை, பதிவேட்டுக் கட்டணம், செயற்கைக்கோள் படம், ஆபீஸ் வாடகை எல்லாம் கழித்தால் மிஞ்சுவது என்ன என்பதை அவர்கள்தான் எழுதுவார்கள். எனவே விற்ற தொகையில் பங்கு என்றே எழுதச் சொல்லுங்கள், யாருக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்ற ரசீதைப் பார்க்கும் உரிமையையும் சேர்க்கச் சொல்லுங்கள். தீ, புயல் என்று வந்தால் ஈடுகட்டக் கிரெடிட்டில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள், அது எவ்வளவு என்று கேளுங்கள். ஆனை வந்து நட்ட கன்றையெல்லாம் மிதித்துவிட்டால் யார் பொறுப்பு? எங்கள் ஊரில் இது வருடாவருடம் நடக்கும் சங்கதி. பொறுப்பு உங்கள் தலையில் விழுகிற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

முதல் பணம் எப்போது வரும் என்பதும் முக்கியம். மரம் வளர்ந்து, அளந்து, தணிக்கை முடிந்து, விற்று, அதற்குப் பிறகுதான் காசு. இடையில் சில வருடம் வெறும் வேலைதான். அந்த வருடங்களுக்குக் கன்று நட்டு, களை எடுத்து, உண்ணிச்செடியும் மஞ்சக்கொன்னையும் பிடுங்கிய கூலி தனியே வேண்டும், அதைக் கார்பன் பங்கில் கழிக்கக்கூடாது.

என்ன மரம் என்றும் கேட்கவேண்டும். சில்வர் ஓக் சீக்கிரம் உயரும், பலா, ஈட்டி, நாவல் மெதுவாக. வேகம் மட்டும் பார்க்கிற திட்டம் சில்வர் ஓக்கை வரிசையாக நடச் சொல்லும், அதில் தின்னப் பழம் கிடையாது.

யார் விடுபடுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் நியாயம் பேசமுடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் மீனங்காடி பஞ்சாயத்து கார்பன் சமநிலை (விடுகிற புகைக்கு ஈடாக உறிஞ்சுவது) என்ற முயற்சியை 2016-இல் தொடங்கியது, பிறகு மர வங்கி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மரம் நட்ட விவசாயிக்கு மரத்துக்கு வருடம் 50 ரூபாய், பத்து வருடத்துக்கு, கூட்டுறவு வங்கி மூலம் கடனாக. வெட்டினால்தான் திருப்பிக் கட்டவேண்டும். பணம் நேராகக் கைக்கு வருகிறது, உள்ளூர் வங்கி, புரிகிற கணக்கு, எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஆனால் நிலம் உள்ளவருக்குத்தான் மரம், மரம் உள்ளவருக்குத்தான் 50 ரூபாய். நாலு சென்டு பாடியில் இருக்கிற பணியர் குடும்பத்துக்கு அதில் என்ன வரும்? நம் ஊரில் இப்படி ஒன்று வந்தால், நிலமற்றவர்களுக்கு நாற்றங்கால், காவல், அளவெடுப்பு வேலைகளில் முதல் உரிமையும், பொது நிதியில் பங்கும் ஆரம்பத்திலேயே எழுதியாகவேண்டும்.

இதே மாதிரி இன்னொரு அநியாயம் கார்பன் கணக்கின் அடியிலேயே இருக்கிறது. 'கூடுதல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், திட்டம் இல்லாவிட்டால் அழிந்திருக்கும் காடு தப்பித்தால்தான் கிரெடிட். காலங்காலமாக வெட்டாமல் இருந்த பாடியின் காட்டில் 'கூடுதல்' எதுவும் இல்லை, ஆகவே காசில்லை. வெட்டுகிற ஆபத்து அதிகம் என்று காட்டினால் காசு. இதனால் ஆபத்தை ஊதிப்பெருக்கி எழுதும் ஆசை வருகிறது. ஆறு நாடுகளில் 26 திட்டங்களை ஆராய்ந்து 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, பெரும்பாலானவை காடழிவைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்றது. இதில் உங்களுக்கு என்ன வேலை என்றால், திட்ட அறிக்கையில் உங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. நீங்கள் விறகு வெட்டிக் காட்டை அழிப்பதாக எழுதியிருந்தால் அது பொய், நாளைக்கு அதே அறிக்கையை வைத்து உங்களைத் தடுப்பார்கள். திருத்தச் சொல்லுங்கள்.

என் குடும்பக் கதையையும் சொல்லவேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து அனுப்பப்பட்டு இந்தத் தேயிலைக்கு வந்தவர்கள் நாங்கள். வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி அல்லாதவர்களுக்கு 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் காட்டை நம்பி வாழ்ந்த சான்று வேண்டும். எங்களிடம் அது இல்லை. ஆனால் எங்கள் அம்மாவும் லைன் வீட்டு அடுப்புக்கு விறகு அதே ஓரத்தில்தான் பொறுக்கினார். எல்லை போடும்போது பாடிக்கும் லைனுக்கும் சண்டை மூட்டிவிடுவது சுலபம், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து விறகுக்கு எது, தேனுக்கு எது என்று பேசி எழுதிக்கொண்ட பிறகுதான் வெளியாள் வந்தால் ஒரே குரலில் பேச முடிந்தது. உரிமை பாடியுடையது, முடிவும் அவர்களுடையது. பாதிப்பு எங்களுக்கும் வரும், அதைக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறோம்.

நல்லபடி நடக்கவும் முடியும். மேகாலயாவில் மவ்ப்லாங் பக்கம் காசி பழங்குடி மக்களின் பத்து ஹிமாக்கள், அதாவது அவர்களுடைய பாரம்பரிய ஆட்சிப் பகுதிகள், தாங்களே கூட்டமைப்பு வைத்து, பிளான் விவோ என்ற தரத்தின்கீழ் காட்டுக் கார்பன் திட்டம் நடத்துகிறார்கள். நிலமும் அதிகாரமும் அவர்கள் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது என்று நான் நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லவும் முடியும். 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னபோது ஒடிசாவின் நியம்கிரி மலையில் பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன, நின்றுபோனது.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? பதறவேண்டாம். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற பதிவேடுகளின் தளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடினால் அறிக்கையும் வரைபடமும் கிடைக்கும், படித்த பிள்ளை ஒருவரை உட்கார வைத்தால் ஒரு மாலையில் எடுத்துவிடலாம். வெர்ராவில் திட்டம் சேரும்போது முப்பது நாள் கருத்துக் கேட்பார்கள், அது முடிந்திருந்தாலும் புகார் எழுதலாம். வனத்துறை சம்பந்தப்பட்டிருந்தால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் வரவேண்டும். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பழங்குடியினரின் வன உரிமையில் தலையிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு குற்றம், மிரட்டல் வந்தால் இதை வக்கீலிடம் சொல்லுங்கள்.

எங்கள் மேல்பாடி அக்கா அந்த ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு சபை கூட்டி, வரைபடம் இல்லாத பத்திரத்தை ஏற்கவில்லை என்று தீர்மானம் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினார். இதுவரை பதில் இல்லை, ஜீப்பும் வரவில்லை. அந்தத் தீர்மானப் புத்தகத்தில் மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறோம், ஒன்று பாடியில், ஒன்று லைனில், ஒன்று கூடலூரில் வக்கீல் ஆபீஸில். தேவாலா மழை தெரியும்தானே, பாடியில் இருப்பதை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வையுங்கள்.